பாறைக்குள் விரல் விடும் நீர்: நிலத்தடியில் எது எதைத் தள்ளுகிறது?

மன்னார் கடற்படுகை எரிவாயு பற்றிய செய்தி கொழும்புப் பத்திரிகைகளில் தலைகாட்டும் போதெல்லாம் இரண்டு கணக்குகளும் கூடவே வந்து சேர்ந்துவிடுகின்றன. நிலத்துக்கடியில் இவ்வளவு இருக்கிறது, ஆகவே இவ்வளவு கிடைக்கும் என்பது முதலாவது. எடுத்து முடித்த பாறையில் இவ்வளவு இடம் மிஞ்சும், ஆகவே இவ்வளவு காபனீரொட்சைட்டை அங்கே அடைத்து வைக்கலாம் என்பது அடுத்தது. இரண்டுமே தாங்கிக் கணக்குகள். கொலன்னாவையில் நிற்கும் எண்ணெய்த் தாங்கியை அடிவரை வடித்தெடுக்கலாம், திரும்பவும் விளிம்புவரை நிரப்பலாம். பாறை அப்படி நடந்துகொள்வதில்லை. உலக எண்ணெய் வயல்களைச் சராசரியாகப் பார்த்தால் நிலத்தடியில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

மீதி ஏன் வர மறுக்கிறது என்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் செய்திகளில் அநேகமாக இடம்பெறாத ஒன்றை இங்கே பார்ப்போம். பாறைக்குள் ஒரு திரவம் இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு போகும்போது, இரண்டும் சந்திக்கும் முகப்பு நேராக நகராமல் விரல் விரலாகப் பிரிந்து ஓடிவிடுவதுண்டு. எப்போது பிரியும், எப்போது பிரியாது என்பதற்குத் தெளிவான விதி இருக்கிறது.

பாறையில் எண்ணெய் எங்கே இருக்கிறது?

நிலத்தடியில் எண்ணெய் ஏரியோ எரிவாயுக் குகையோ கிடையாது. மணற்கல் போன்ற பாறையில் மணிகளுக்கு இடையே தலைமயிரின் பருமனிலும், பெரும்பாலும் அதைவிட நுண்ணியதாகவும் இடைவெளிகள் இருக்கின்றன. நல்ல மணற்கல்லில் மொத்தக் கனவளவில் 10 முதல் 30 வீதம் வரை இத்தகைய வெற்றிடம். எண்ணெயும் வாயுவும் உவர்நீரும் அதற்குள்தான் தங்கியிருக்கின்றன. இந்த வெற்றிடத்தின் பங்கைத் துளைத்தன்மை என்பார்கள். அந்தத் துளைகள் ஒன்றோடொன்று எவ்வளவு தாராளமாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டுவது ஊடுபுகவிடும் திறன். களிமண்ணில் துளைத்தன்மை ஏராளம், ஊடுபுகவிடும் திறன் மிகச் சொற்பம். ஆகவே இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

இந்த நுண்துளைகள் வழியே பாயும் வேகத்துக்கான அடிப்படை விதியை 1856இல் பிரான்ஸின் டிஜோன் நகரைச் சேர்ந்த ஹென்றி டார்சி வெளியிட்டார். அந்த நகரின் குடிநீர்த் திட்டத்தை அமைத்த பொறியியலாளர் அவர். மணல் நிரப்பிய குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்து பார்த்ததில், நீரை உந்தும் அழுத்த வேறுபாடு எவ்வளவோ அதற்கு நேர்விகிதத்தில் பாய்ச்சலும் அமைவதைக் கண்டார். பிற்காலத்தில் இந்த விதி எல்லாத் திரவங்களுக்கும் பொருந்தும்படி விரிக்கப்பட்டது: ஊடுபுகவிடும் திறனை அமுக்கப் படித்திறனால் பெருக்கி, திரவத்தின் பிசுக்குமையால் வகுத்தால் வேகம் கிடைக்கும். அமுக்கப் படித்திறன் என்பது ஒரு மீற்றர் தூரத்தில் அமுக்கம் எவ்வளவு குறைகிறது என்பது. பிசுக்குமை என்பது பாய்வதற்குத் திரவம் காட்டும் எதிர்ப்பு. தேனுக்கு அது அதிகம், நீருக்குக் குறைவு, காற்றுக்கு நீரினதில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஊடுபுகவிடும் திறனைப் பிசுக்குமையால் வகுத்தால் வருவதை நகர்திறன் என்று குறிப்பிடுவோம். தள்ளும் திரவத்தின் நகர்திறனைத் தள்ளப்படும் திரவத்தின் நகர்திறனால் வகுத்தால் நகர்திறன் விகிதம் வரும். இனி வரும் அத்தனைக்கும் அச்சாணி இந்த விகிதம்தான்.

முகப்பு ஏன் உடைகிறது?

நீர் எண்ணெயைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயின் பிசுக்குமை அதிகம்.

1. முகப்பு எவ்வளவு நேராக இருந்தாலும் எங்காவது ஓரிடம் தற்செயலாக இம்மியளவு முந்தியிருக்கும். பாறை ஒரே சீரானதல்ல என்பதால் இதைத் தவிர்க்கவே முடியாது.

2. முந்திய அந்த இடத்திலிருந்து, எண்ணெயை மேலே எடுக்கும் உற்பத்திக் கிணறு வரைக்கும் இருக்கும் எண்ணெயின் நீளம், அக்கம்பக்கத்தில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. எதிர்ப்பின் பெரும்பகுதி எண்ணெயிலிருந்தே வருகிறது. ஆகவே அந்தப் பாதையின் மொத்த எதிர்ப்பு குறைந்துவிட்டது.

3. எதிர்ப்புக் குறைந்த பாதையில் வேகம் கூடும். முந்தியது மேலும் முந்தும், எதிர்ப்பு மேலும் குறையும். இம்மியளவு மேடு விரலாகிறது.

4. விரல் நீளும்போது அதன் நுனிக்கு முன்னால் அமுக்கப் படித்திறன் செங்குத்தாகிறது. இரு விரல்களுக்கு இடையே பின்தங்கிய எண்ணெயைச் சுற்றிலும் அமுக்கம் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. அதைத் தள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. அது அங்கேயே நின்றுபோகிறது.

இப்போது ஆட்களை மாற்றிப் போடுங்கள். பிசுக்குமை கூடிய திரவம் குறைந்ததைத் தள்ளுகிறது. எங்காவது ஓரிடம் முந்தினால் அந்தப் பாதையில் பிசுக்கான திரவத்தின் நீளம் கூடுகிறது, எதிர்ப்பும் கூடுகிறது, வேகம் குறைகிறது. பக்கத்தில் உள்ளவை எட்டிப் பிடித்துவிடுகின்றன. முகப்பு தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். அதே பாறை, அதே இரண்டு திரவங்கள். விகிதம் ஒன்றுக்கு மேலே போனால் விரல் விடும், கீழே இருந்தால் விடாது.

இரண்டு கண்ணாடியும் கித்துள் பாணியும்

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. படச் சட்டத்தில் போடும் கண்ணாடித் துண்டுகள் இரண்டு, கடையில் வாங்கிய கித்துள் பாணி கொஞ்சம் இருந்தால் போதும். ஒரு கண்ணாடியின் நடுவே ஒரு கரண்டி பாணியை விட்டு, மற்றக் கண்ணாடியை மேலே வைத்து மெல்ல அழுத்துங்கள். பாணி வட்டமாகப் பரவும். விளிம்பு வழுவழுப்பாக, கவராயம் கொண்டு கீறியதுபோல இருக்கும். இங்கே தள்ளுவது பாணி, தள்ளப்படுவது காற்று. இனி, கத்தி நுனியை ஓரத்தில் கொடுத்து மேல்கண்ணாடியை நெம்பித் தூக்குங்கள். வெளியிலிருந்து காற்று பாணிக்குள் புகும். ஒரே கணத்தில் விளிம்பு சிதறி, கிளை விட்டு, கிளையிலிருந்து கிளை பிரிந்து, இலையுதிர்ந்த மரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டதுபோல ஒரு கோலம் கண்ணாடியில் பதிந்துவிடும். சற்று வேகமாகத் தூக்கினால் கிளைகள் மெலிந்து எண்ணிக்கையில் பெருகும். மெல்லத் தூக்கினால் தடித்துக் குறையும். பாணியின் மேற்பரப்பிழுவிசை இல்லாவிட்டால் விரல்கள் மயிரிழையாகப் பிளந்துகொண்டே போகும். விளிம்பை இழுத்துப் பிடித்து, விரல் இதற்குமேல் மெலியாதபடி பார்த்துக்கொள்வது அந்த விசைதான்.

நெருக்கமான இரு தகடுகளுக்கு இடையே திரவத்தைப் பாய்ச்சும் இந்த அமைப்பை 1898இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஹென்றி செல்பி ஹீல்-ஷா வேறொரு தேவைக்காக உருவாக்கினார். தகடுகளுக்கு இடையிலான ஓட்டமும் டார்சியின் விதியையே பின்பற்றுகிறது என்பதால் அது பாறைக்குப் பதிலாளாகப் பயன்பட்டது. 1958இல் பி. ஜி. சாஃப்மன், ஜி. ஐ. டெய்லர் இருவரும் அத்தகடுகளில் சோதித்து, விரல் தோன்றும் கணிதத்தை எழுதினார்கள். நீண்ட கால்வாயில் கடைசியில் ஒரேயொரு விரல் மிஞ்சி, கால்வாயின் அகலத்தில் ஏறத்தாழ சரிபாதியை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட விந்தை. விந்தைக்குரிய முழு விளக்கம் கிடைக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. முகப்பு இப்படி உடையும் நிலையின்மைக்கு இன்றும் அவர்கள் பெயர்தான்.

ஆனால் அவர்களுக்கு முன்பே, 1952இல், எஸ். ஹில் என்பவர் இதைப் பற்றி எழுதியிருந்தார். அவருடைய பிரச்சினை எண்ணெயல்ல, சீனி. சுத்திகரிப்பு ஆலையில் எலும்புக்கரி நிரம்பிய உருளைக் கலங்களில் தேங்கிய சீனிப்பாகை நீரால் கழுவி வெளியேற்றும்போது நீர் ஒழுங்காக இறங்காமல் ஊடறுத்துப் பாய்ந்தது. நீர் மேலே, கனமான பாகு கீழே என்று வைத்துத் தள்ளினால் ஈர்ப்பு முகப்பை நேராக வைத்திருக்கப் பார்க்கும், பிசுக்குமை அதை உடைக்கப் பார்க்கும். ஆகவே ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே தள்ளினால் முகப்பு நிலைக்கும், மேலே போனால் உடையும். இந்த ஆராய்ச்சித்துறை எண்ணெயில் அல்ல, சீனி ஆலையில் முளைத்தது என்பதைப் பலர் குறிப்பிடுவதில்லை.

மெல்லத் தள்ளினால் சரியாகிவிடுமா?

அப்படித்தான் தோன்றும். பாறையில் அது பாதி உண்மை. எண்ணெய் வயலில் கிணறுகளை விட்டு விலகிய பகுதிகளில் நீர் நாளொன்றுக்கு ஓரடி அளவில்தான் நகர்கிறது. அந்த வேகத்தில், துளைகளுக்குள் பிசுக்கு விசையைவிட, நுண்துளைகளில் திரவத்தை இழுத்துப் பிடிக்கும் மயிர்த்துளை விசை மிகப் பலமானது. பிசுக்குமையை வேகத்தால் பெருக்கி, இரு திரவங்களும் சந்திக்கும் இடைமுகத்தின் இழுவிசையால் வகுத்தால் வருவதை மயிர்த்துளை எண் என்கிறார்கள். வயலில் அது பொதுவாக ஒரு கோடியில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது. 1988இல் பிரான்ஸைச் சேர்ந்த லெனோர்மான் குழுவினர், பாறையை விரும்பாத திரவம் பாறையை நனைத்திருக்கும் திரவத்தைத் தள்ளினால் என்ன நடக்கும் என்பதை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்கள்:

1. நகர்திறன் விகிதம் சாதகம், வேகமும் போதும். முகப்பு நேராக நகரும்.

2. விகிதம் பாதகம், வேகம் அதிகம். பிசுக்கு விரல்கள், அதாவது கண்ணாடியில் கண்ட மரம்.

3. வேகம் மிகக் குறைவு. பிசுக்குமை என்னவாக இருந்தாலும் பரவாயில்லை, எந்தத் துளை அகலமோ அதில் திரவம் புகும். விரல்கள் முன்னும் போகும், பக்கவாட்டிலும் போகும், சில வேளை பின்னாலும் திரும்பும். ஓடும் வழியில் துண்டு துண்டாக எண்ணெயைச் சுற்றி வளைத்துச் சிறைப்பிடித்துவிடும்.

ஆகவே வேகத்தைக் குறைத்து விரலைத் தவிர்க்கப் பார்த்தால் சிறையில் மாட்டிக்கொள்ள நேரலாம். நீரை விரும்பும் பாறையில் நீரே தள்ளினால் கதை சற்று வேறு. அங்கே நுண்ணிய துளைகள் நீரைத் தாமாகவே உறிஞ்சும்.

விரல் வேறு, வாய்க்கால் வேறு

திரவம் ஓடிப்போகும் எல்லா இடங்களிலும் விரலைத் தேடக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கரைந்து கரைந்து வெடிப்பும் பொந்துமாக இருப்பது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய பாறையில் திரவத்துக்கு வழி காட்டுவது வெடிப்புகள். பிசுக்குமை விகிதம் அங்கே இரண்டாம் பட்சம். மணற்கல்லிலும் ஊடுபுகவிடும் திறன் அடுக்குக்கு அடுக்கு பத்து மடங்கு, நூறு மடங்கு மாறுவது சாதாரணம். உண்மையான வயல்களில் வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாறையின் இந்த ஏற்றத்தாழ்வே என்பது என் கருத்து. பாதகமான நகர்திறன் விகிதம் செய்வது, ஏற்கனவே இருக்கும் வழியை நெடுஞ்சாலையாக்குவது. கணினி மாதிரிகளில் அழகான விரல்களைக் காட்டும் படங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணெய் வயலில் விளைவு

வயலின் இயற்கை அமுக்கம் தளர்ந்ததும் சில கிணறுகளில் நீரை இறக்கி, மற்றவற்றால் எண்ணெயை எடுப்பது வழக்கம். மசகு எண்ணெய் நீரைவிடப் பத்து மடங்கு பிசுக்கானது என்றால் விரல்கள் உற்பத்திக் கிணற்றைச் சீக்கிரம் தொட்டுவிடும். தொட்ட நாளிலிருந்து நீருக்கு எளிய வழி திறந்துவிட்டது. அதன்பின் இறக்கும் நீரில் பெரும்பகுதி அதே வழியே வந்து அதே வழியே வெளியேறும். பழைய வயல்களில் மேலே வரும் திரவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நீராகவே இருப்பது இதனால்தான். செலவு கட்டாதபோது கிணற்றை மூடுகிறார்கள். உள்ளே எண்ணெய் இருந்துகொண்டே இருக்கிறது.

பரிகாரம் விதியிலேயே இருக்கிறது: தள்ளும் நீரைப் பிசுக்காக்கினால் விகிதம் இறங்கும். பொலிஅக்ரிலமைட் என்னும் பல்பகுதியத்தை மிகச் சிறிதளவு கரைத்தாலே நீரின் பிசுக்குமை பத்துக்கணக்கான மடங்கு உயரும். சீனாவின் தாசிங் வயலில் 1996 முதல் இதைப் பெருமளவில் செய்துவருகிறார்கள்.

காபனீரொட்சைட்டைப் புதைப்பது

காலநிலைச் செய்திகளில் அடிபடும் திட்டம் இது. ஏறத்தாழ 800 மீற்றருக்குக் கீழே, 31 பாகை வெப்பத்தையும் வளிமண்டல அமுக்கத்தின் 73 மடங்கையும் தாண்டும் நிலையில், காபனீரொட்சைட்டு திரவம்போல அடர்ந்து, ஆனால் வாயுபோல எளிதாக ஓடும் பொருளாகிறது. அதன் பிசுக்குமை அங்குள்ள உவர்நீரினதில் பத்தில் ஒரு பங்கு அளவு அல்லது அதிலும் குறைவு. அடர்த்தியும் குறைவு. ஆகவே உவர்நீரைத் தள்ளிக்கொண்டு அது போகும்போது விகிதமும் பாதகம், மிதப்பு விசையும் மேலே இழுக்கிறது. தாங்கிக் கணக்கு சொல்லும் இடத்தில் ஒரு சிறு பங்கே நிரம்பும் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நோர்வேயின் ஸ்லைப்னர் திட்டம் இதற்கு நல்ல சான்று. 1996இல் வட கடலின் கீழே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீற்றர் ஆழத்து மணற்கல்லில் தொடங்கிய அத்திட்டம் தொடக்க ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் தொன்னைச் செலுத்தியது. 1999இல் செயற்கையாக எழுப்பிய நில அதிர்வு அலைகளைக் கொண்டு எடுத்த படத்தில், வாயு ஏற்கனவே படுகையின் உச்சியைத் தொட்டிருந்தது. இடையிலுள்ள மெல்லிய களிக்கல் தட்டுகளின் கீழே ஒன்பது அடுக்குகளாகப் பரவியும் இருந்தது. மேலுள்ள தடித்த மூடுபாறை அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆனால் இங்கேயே விரல் நண்பனாகவும் மாறுகிறது. காபனீரொட்சைட்டு கரைந்த உவர்நீர் கரையாததைவிடச் சுமார் ஒரு வீதம் கனமானது. கனமானது மேலே, இலேசானது கீழே. முகப்பு உடைந்து, கனத்த நீர் விரல்களாகக் கீழே இறங்குகிறது, புதிய நீர் மேலே வருகிறது. இந்தக் கலக்கல் கரைவதைப் பன்மடங்கு விரைவாக்குகிறது. கரைந்துவிட்ட வாயு பின்னர் மேலே கசிந்து வரும் அபாயம் அநேகமாக இல்லை. எண்ணெய்ப் பொறியியலாளர் சபிக்கும் அதே நிலையின்மையைச் சேமிப்புக்காரர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

சுனாமிக்குப் பின் கிழக்குக் கரைக் கிணறுகள்

கனத்தால் விழும் விரல்களை இலங்கை ஒருமுறை பெரும் விலை கொடுத்துப் பார்த்திருக்கிறது. கரையோர மணலில் மழைநீர் ஒரு வில்லைபோல, கீழேயுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஒழுங்கு தலைகீழானது. நன்னீரைவிட இரண்டரை வீதம் கனமான கடல்நீர் கிணறுகளுக்குள்ளும் மணற்பரப்பிலும் மேலிருந்து கொட்டியது. 40,000க்கும் மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் அழிந்தன அல்லது மாசடைந்தன என்பது மதிப்பீடு. பிசுக்குமைக்கு இதில் பெரிய வேலை இல்லை, இரண்டு நீருக்கும் அது ஏறத்தாழ ஒன்றே. அடர்த்தி போதுமானதாக இருந்தது. 2005இல் கரையோரத்தை ஆராய்ந்த அமெரிக்க, இலங்கை, டென்மார்க் நிபுணர்கள், உப்பு நீர் விரல்களாக நன்னீருக்குள் இறங்கி அதனோடு கலந்ததைத் தம் ஆய்வில் விளக்கினார்கள்.

கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வோம் என்று எல்லோரும் முனைந்தது இயல்புதான். ஆனால் உப்பு கிணற்றில் மட்டும் இருக்கவில்லை, சுற்றியுள்ள மணல் முழுவதிலும் விரல் விரலாக இருந்தது. இறைத்த இடத்துக்கு அதுவே வந்து நிரம்பியது. மேலும் கரையோரத்தில் நன்னீர் மட்டம் ஒரு பங்கு தாழ்ந்தால், கீழேயுள்ள கடல்நீர் எல்லை காலப்போக்கில் நாற்பது பங்கு வரை உயரக்கூடும். மட்டுமீறி இறைத்த கிணறுகள் அடியிலிருந்தும் உவர்த்தன. பெருமளவு திருத்தியது வடகீழ்ப் பருவமழை. இலேசான நீர் மேலிருந்து கனமான நீரைக் கீழே தள்ளும்போது முகப்பு உடைவதில்லை.

மன்னாரில் எது எதைத் தள்ளும்?

2011இல் மன்னார் படுகையில் டொராடோ, பரக்குடா என்னும் இரு இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டது பிரதானமாக எரிவாயு. வாயு விரிவடைந்து தானாகவே கிணற்றை நோக்கி ஓடுகிறது. சுற்றியுள்ள உவர்நீர் பின்தொடர்ந்து வந்தாலும், அங்கே பிசுக்கானது இலேசானதைத் தள்ளுகிறது. விகிதம் சாதகம். ஆகவே எண்ணெய் வயலின் மூன்றில் ஒரு பங்குக் கணக்கை மன்னாருக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. எரிவாயு வயல்களில் பாதிக்கு வெகு மேலே எடுத்துவிடுவது வழக்கம். அங்குள்ள சிக்கல்கள் வேறு: 1,300 மீற்றருக்கும் ஆழமான கடல், அதற்கான செலவு, நீர் கிணற்றடியில் கூம்புபோல மேலேறுவது, முன்னேறும் நீர் துளைகளில் வாயுவைச் சிறைப்பிடிப்பது.

எடுத்து முடித்த எரிவாயு வயலில் காபனீரொட்சைட்டை இறக்கும் யோசனையையும் இதே கேள்வியால் எடைபோடலாம். அங்கே தள்ளப்படுவது உவர்நீரல்ல, மிஞ்சிய மெதேன். அந்த ஆழத்தில் காபனீரொட்சைட்டு மெதேனைவிடப் பிசுக்கானது, பல மடங்கு கனமானதும்கூட. அடியில் இறக்கினால் பிசுக்குமையும் ஈர்ப்பும் ஒன்றாக முகப்பை நேராக வைத்திருக்கும். நெதர்லாந்து 2004 முதல் வட கடலின் கே-12-பி வயலில் இதைச் செய்து பார்த்தது. ஆனாலும் பாறையின் சமச்சீரின்மை விடுவதில்லை. ஊடுபுகவிடும் திறன் கூடிய அடுக்குகள் வழியே காபனீரொட்சைட்டு முந்திக்கொண்டு உற்பத்திக் கிணறுகளுக்கு வந்து சேரலாம், வந்த அளவை மெதேனிலிருந்து பிரித்து மீண்டும் இறக்கவேண்டும். அப்படியொரு திட்டம் இங்கே முன்வைக்கப்பட்டால், கொள்ளளவு எத்தனை கோடி தொன் என்று கேட்பதற்கு முன்னால், எந்த அடுக்கில், எதைத் தள்ளிக்கொண்டு, நாளொன்றுக்கு எவ்வளவு வேகத்தில் என்று கேட்கவேண்டியிருக்கும்.